தேடுவதற்கும் ஒரு சௌகரியம் வேண்டாமா?

புது வீட்டுக்குக் குடி போகிறோம். சமையலறையில் முன்பு இருந்தவர்கள் அடித்த ஆணி, அவர்கள் போட்ட பலகை. உப்பு ஜாடிக்கு இடம் உச்சாணியில். கரண்டி மாட்டும் கம்பி கதவுக்குப் பின்னால். எந்தப் பெண்மணியாவது அதை அப்படியே ஏற்றுக்கொண்டு வருஷக் கணக்கில் சமைப்பாளா? பால் காய்ச்சிய மறு நாளே சாமான்கள் இடம் மாறத் தொடங்கிவிடும். கடுகும் உளுத்தம் பருப்பும் கைக்கெட்டும் தூரத்தில். எப்போதோ எடுக்கிற கசகசா பின் வரிசையில். ஒரு வாரத்தில், விளக்கு அணைந்து போனாலும் தாளித்துக் கொட்டிவிடலாம் என்கிற நிலைமைக்கு வந்துவிடுவோம்.

இத்தனை சாமர்த்தியமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் எங்கே போய்விடுகிறது? வாங்கி வந்த அன்று எப்படி இருந்ததோ, மூன்று வருஷம் கழித்தும் அப்படியே இருக்கிறது. எதைத் தேடினாலும் அதே வெள்ளைப் பெட்டி, அதே விளம்பரங்கள். நேற்றுப் பார்த்த கோலத்தை இன்று மறுபடியும் ஆதியிலிருந்து தேடுகிறோம். "இது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது" என்று நாமும் பழகிப் போய்விட்டோம்.

இப்படித்தான் இருக்கவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. வீட்டுச் சாமான்களை இடம் மாற்றுகிற மாதிரி இதையும் மாற்றலாம். ஸ்குரூ டிரைவர் வேண்டாம், ஆசாரி வேண்டாம், ஆத்துக்காரர் ஆபீஸிலிருந்து வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு மத்தியான்னப் பொழுது போதும்.

இணையத்துக்குள் நம்மை அழைத்துப் போகிற வாசலுக்குப் பெயர் பிரௌசர். தமிழில் 'உலாவி' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ், ஆப்பிள்காரர்களின் சஃபாரி என்று பல உண்டு. மேலே நீளமாக ஒரு பட்டை இருக்கிறதே, அதுதான் முகவரிப் பட்டை. ஒரு காலத்தில் முகவரி எழுத ஒரு பெட்டி, தேடுவதற்கு மூலையில் வேறு ஒரு பெட்டி என்று இருந்தது. 2008-ஆம் வருஷம் செப்டம்பரில் குரோம் வந்தபோது இரண்டையும் ஒன்றாக்கினார்கள். சௌகரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் அன்றுமுதல், அந்தப் பட்டையில் முகவரி அல்லாத எதை எழுதினாலும் அது நேரே ஏதோ ஒரு தேடல் கம்பெனிக்குப் போய்ச் சேருகிறது. எந்தக் கம்பெனிக்கு? அதை நாம் தீர்மானிக்கவில்லை. நமக்கு முன்னால் யாரோ தீர்மானித்து வைத்திருக்கிறார்கள்.

மாற்றாதவர்களுக்கு ஒரு விலை

அந்தத் தீர்மானத்துக்கு என்ன விலை என்று கேட்டால் தலை சுற்றும். அமெரிக்காவில் கூகிள் கம்பெனியின் மீது அந்நாட்டு அரசாங்கமே வழக்குத் தொடுத்தது. விசாரணையில் கணக்கு வெளியே வந்தது. பிரௌசர்களிலும் கைப்பேசிகளிலும் முதல் தேடல் இயந்திரமாகத் தன்னையே வைக்கச் சொல்லி, 2021-ஆம் வருஷம் ஒன்றில் மட்டும் அந்தக் கம்பெனி மற்றவர்களுக்குக் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். ரூபாய் அல்ல, டாலர்! ஆப்பிள் கம்பெனிக்கு மட்டும் 2022-இல் 2,000 கோடி டாலர்.

நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டு 5-ஆம் தேதி, இந்த விதமாகக் கூகிள் சட்டத்துக்கு விரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்புச் சொன்னார். 2025 செப்டம்பரில், தனக்கே முழு உரிமை என்ற ஒப்பந்தங்கள் கூடாது என்றார். ஆனால் பணம் கொடுத்து இடம் பிடிப்பதை அடியோடு தடுக்கவில்லை. நம் நாட்டிலும் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விஷயமாக அதே கம்பெனிக்கு 1,337 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. புதுக் கைப்பேசியைத் திறக்கும்போதே எந்தத் தேடல் இயந்திரம் வேண்டும் என்று வாங்கியவரைக் கேட்கவேண்டும் என்றும் உத்தரவிட்டது.

இவ்வளவு பணத்தைக் கொட்டுவானேன்? மாற்றுவது கஷ்டமான காரியம் என்பதாலா? இல்லவே இல்லை; அரை நிமிஷ வேலை. நாம் மாற்றமாட்டோம் என்கிற நம்பிக்கைதான்! நம்முடைய சோம்பலை இவ்வளவு விலை மதித்து வேறு யாரும் வாங்கினதாகத் தெரியவில்லை.

குரோமில் வலது மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும். அதை அமுக்கி, 'செட்டிங்ஸ்' என்பதற்குள் போனால் 'சர்ச் இன்ஜின்' என்று ஒரு தலைப்பு. ஃபயர்ஃபாக்ஸில் மூன்று கோடுகள். 'செட்டிங்ஸ்', பிறகு 'சர்ச்'. கூகிள், பிங், டக்டக்கோ என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். கூகிளே வேண்டும் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். நான் குறுக்கே நிற்கவில்லை. தெரிந்து வைத்துக்கொள்வது வேறு, தெரியாமல் இருந்துவிடுவது வேறு, அவ்வளவுதான்.

முதல் வரிசைக்காரர்கள்

ஒரு வீட்டில் பாட்டிக்கும் பேரனுக்கும் நடந்த சம்பாஷணை இது:

"ஏண்டா கண்ணா, பாங்க்கு டெலிபோன் நம்பர் வேணும்னு இதிலே போட்டேன். முதல்லேயே வந்துடுத்து, பார்!"

"பாட்டி, அது பாங்க்கு இல்லே. மேலே சின்ன எழுத்திலே என்ன போட்டிருக்கு, படி."

"இரு, கண்ணாடி போட்டுண்டு பார்க்கறேன். 'ஸ்பான்சர்டு'ன்னு இருக்கு. அப்படீன்னா?"

"காசு கொடுத்து முன் வரிசையிலே இடம் பிடிச்சவன்னு அர்த்தம்."

"சபாக் கச்சேரியிலே மாதிரியா?"

"ஆமாம் பாட்டி. ஆனா கச்சேரியிலே முன் வரிசையிலே உட்கார்ந்தவன் உன் பையிலே கை விடமாட்டான்!"

காசு கொடுத்து இடம் பிடித்தவர்கள் எல்லாரும் மோசக்காரர்கள் அல்ல. ஆனால் பாங்க்கு, காஸ் கம்பெனி, கூரியர் ஆகியவற்றின் பெயரில் பொய் நம்பரைப் போட்டு, கூப்பிடுகிற பெண்மணியிடம் நயமாகப் பேசி, "இந்த ஆப்பை இறக்குங்கள் அம்மா, இப்போது வந்த எண்ணைச் சொல்லுங்கள் அம்மா" என்று கணக்கைத் துடைத்துவிடுகிறவர்களும் தேடல் பக்கத்தில்தான் காத்திருக்கிறார்கள். அவசரத்தில் தேடுகிறவர்கள்தான் அவர்களுக்கு இலக்கு. அப்படி யாராவது ஏமாந்துவிட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். அரசாங்கத்தின் சைபர் மோசடி உதவி எண் அது.

இதற்கு ஒரே நல்ல உபாயம், அவசர சமயத்தில் தேடவே தேடாமல் இருப்பது. பாஸ் புத்தகத்திலோ காஸ் புத்தகத்திலோ அச்சாகியிருக்கும் இணைய முகவரியைப் பார்த்து, நிதானமான ஒரு பொழுதில் பட்டையில் எழுதி உள்ளே போங்கள். சரியான இடம்தானா என்று முகவரியின் வாலைப் பாருங்கள். நம் பாங்க்குகள் எல்லாம் 2025 அக்டோபர் மாதக் கடைசிக்குள் 'டாட் பாங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் பாங்க் உத்தரவு போட்டது. அரசாங்கக் காரியாலயங்களுக்கு 'டாட் கவ் டாட் இன்'. சரி என்று தெரிந்ததும், கண்ட்ரோல் விசையை அமுக்கிக்கொண்டு ஆங்கில 'டி' எழுத்தைத் தட்டுங்கள். அந்தப் பக்கம் புக்மார்க்காகச் சேமிக்கப்பட்டுவிடும். இனிமேல் வாசல் வழியாகப் போகவேண்டாம். உங்களுக்கென்று தனிக் கதவு.

புக்மார்க் வைப்பது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பெயர் வைப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். டப்பாவுக்குச் சீட்டு ஒட்டுவதில் நாம் எவ்வளவு கண்டிப்பு! சாம்பார்ப் பொடி டப்பாவில், அதை விற்ற கடையின் விலாசத்தை ஒட்டுவோமா? இங்கே அதைத்தான் செய்கிறோம். 'சுவையான பாரம்பரிய எளிய முறை பத்தே நிமிடத்தில்' என்று அந்தத் தளத்துக்காரர் வைத்த நீளத் தலைப்பே புக்மார்க்காக நின்றுவிடுகிறது. சேமிக்கும்போதே சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் பழைய பெயரை அழித்துவிட்டு உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். 'மாங்காய்த் தொக்கு – வெல்லம் போட்டது', 'கரண்ட் பில்', 'பாப்பா பள்ளிக்கூட ஃபீஸ்'. பிறகு முகவரிப் பட்டையில் 'தொக்கு' என்று தட்டும்போதே, அது தானாகக் கீழே எட்டிப் பார்க்கும். தேடல் கம்பெனியின் பக்கத்துக்கே போகவேண்டியதில்லை.

"முன்பு பார்த்த பக்கம்தானே, ஹிஸ்டரியில் இருக்குமே?" என்று கேட்கலாம். இருக்கும், ஆனால் குரோம் 90 நாளைக்குத்தான் அதைக் காட்டும். தை மாசத்தில் பார்த்த வடாம் பக்குவத்தைச் சித்திரை வெயிலில் தேடினால் ஏமாற்றம்தான். குரோமில் 'அட்' குறி போட்டு ஆங்கிலத்தில் 'புக்மார்க்ஸ்' என்றோ 'ஹிஸ்டரி' என்றோ எழுதி இடைவெளி விட்டால், அதற்குள் மட்டும் தேடலாம். ஃபயர்ஃபாக்ஸில் இன்னும் சுருக்கம்: நட்சத்திரக் குறியும் ஒரு இடைவெளியும் போட்டால் புக்மார்க், சதவீதக் குறி போட்டால் இப்போது திறந்து கிடக்கும் தாவல்கள். இருபது தாவலைத் திறந்து வைத்துவிட்டு ரயில் டிக்கெட் எதில் இருக்கிறது என்று முழிப்பவர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம்.

ஓர் எழுத்து வித்தை

இனி நான் சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. கொஞ்சம் பொறுமை வேண்டும். முறுக்கு சுற்றப் பழகுகிற மாதிரி: முதல் இரண்டு கோணலாக வரும், பிறகு கை தானே போகும்.

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றைப் பார்க்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக என்ன செய்வோம்? பொதுவாகத் தேடி, வந்த பட்டியலில் விக்கிப்பீடியாவைப் பொறுக்கி, உள்ளே போவோம். பட்டையில் ஓர் எழுத்தைத் தட்டி, இடைவெளி விட்டு, வேண்டிய சொல்லை எழுதினால் நேரே அங்கே போய்விடும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம். யூடியூபுக்கு ஓர் எழுத்து, அகராதிக்கு ஓர் எழுத்து, நீங்கள் வாடிக்கையாக வாங்கும் கடைக்கு ஓர் எழுத்து.

முதலில் விக்கிப்பீடியாவுக்குப் போய், அங்கேயுள்ள தேடும் பெட்டியில் அர்த்தமில்லாத ஒரு சொல்லை எழுதுங்கள். ஆங்கில 'இசட்' எழுத்தை ஐந்து தரம் போடலாம். அது ஏன் என்கிறீர்களா? 'யானை' என்று போட்டால் அது யானைக் கட்டுரைக்கே நேராக அழைத்துப் போய்விடும். தேடல் முகவரி நம் கைக்குக் கிடைக்காது. இன்னொன்று, தமிழில் எழுதித் தேடிவிட்டு முகவரியை நகல் எடுத்தால், சொல் இருக்கவேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணும் கூட்ஸ் வண்டி மாதிரி நீளும். 'அம்மா' என்ற ஒரு சொல்லுக்கு 45 குறிகள்! அதில் தலை எது, வால் எது என்று கண்டுபிடிக்க முடியாது. ஐந்து 'இசட்' என்றால் பளிச்சென்று கண்ணில் படும்.

இப்போது மேலே உள்ள முகவரி முழுவதையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். குரோம் 'செட்டிங்ஸ்', 'சர்ச் இன்ஜின்', அதற்குள் 'மேனேஜ் சர்ச் இன்ஜின்ஸ் அண்டு சைட் சர்ச்'. அங்கே 'சைட் சர்ச்' என்ற தலைப்புக்குப் பக்கத்தில் 'ஆட்' என்றிருப்பதை அமுக்கினால் மூன்று கட்டங்கள் வரும். முதலாவதில் பெயர், 'விக்கி' என்று. இரண்டாவதில் நீங்கள் விரும்பும் ஓர் எழுத்து. மூன்றாவதில் நகல் எடுத்த முகவரி. ஆனால் அதிலுள்ள ஐந்து 'இசட்'டையும் அழித்துவிட்டு, அதே இடத்தில் சதவீதக் குறியும் அதை ஒட்டி ஆங்கிலச் சின்ன 'எஸ்'ஸும் போடவேண்டும். 'நான் தேடும் சொல்லை இங்கே வை' என்று பிரௌசருக்கு அதுதான் அடையாளம். சேமித்துவிட்டால் தீர்ந்தது. நீங்கள் முன்பே தேடியிருக்கும் சில தளங்கள் அதே பக்கத்தில் 'இன்ஆக்டிவ்' பட்டியலில் தயாராகவே காத்திருக்கும். அவற்றுக்கு 'ஆக்டிவேட்' என்பதை அமுக்கினால் போதும், முகவரி வேலை மிச்சம். ஃபயர்ஃபாக்ஸ்காரர்கள் இதே முகவரியைப் புக்மார்க்காக வைத்து, அதன் 'கீவேர்டு' கட்டத்தில் எழுத்தை எழுதினாலும் நடக்கும்.

என் சிபாரிசு ஒன்று உண்டு. 1924-லிருந்து 1936 வரை சென்னைச் சர்வகலாசாலை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் முழுவதையும் சிகாகோ பல்கலைக்கழகத்தார் இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஓர் எழுத்தைக் கொடுத்து வையுங்கள். குழந்தைகள் வீட்டுப் பாடத்தில் அர்த்தம் கேட்கும்போது, நீங்கள் ஒரு நொடியில் சொல்வதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள்.

இதே வித்தையில் இன்னொரு பிரயோஜனமும் உண்டு. 2024 ஆகஸ்டு முதல் நம் நாட்டிலும் கூகிளில் தேடினால், செயற்கை அறிவு எழுதிய ஒரு சுருக்கம் பல சமயங்களில் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சில சமயம் உபயோகம்தான். சில சமயம் விபரீதம். அந்த வருஷம் மே மாதம் அமெரிக்காவில், பிட்ஸாவில் சீஸ் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளக் குழம்பிலே கொஞ்சம் பசை கலக்கலாம் என்று அது யோசனை சொல்லி ஊரே சிரித்தது. சாப்பிடுகிற சமாசாரத்தில் இப்படிப்பட்ட ஆலோசகர் நமக்கு எதற்கு? கூகிளில் தேடியபின், கீழே வரிசையாக உள்ள தலைப்புகளில் 'வெப்' என்பதை அமுக்கிப் பாருங்கள். சமயத்தில் அது 'மோர்' என்பதற்குள் ஒளிந்திருக்கும். சுருக்கம் காணாமற்போய், பழைய நாள் மாதிரி தளங்களின் பட்டியல் மட்டும் நிற்கும். அந்த முகவரியில் 'யு டி எம் சமம் 14' என்று ஒரு துண்டு இருக்கும், அதுதான் மந்திரம். அந்த முகவரியை மேலே சொன்ன முறையில் சேர்த்து, பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளில் 'மேக் டிஃபால்ட்' கொடுத்துவிட்டால், எப்போது தேடினாலும் அப்படியே வரும்.

சில்லறைச் சமாசாரங்கள்

எழுத்து சின்னதாக இருந்தால் கண்ணைச் சுருக்காதீர்கள். 'அப்பியரன்ஸ்' என்ற தலைப்பில் எழுத்தளவைப் பெரிதாக்கலாம். ஒரு பக்கத்துக்கு மட்டும் என்றால் கண்ட்ரோலும் கூட்டல் குறியும். நீளமான பக்கத்தில் ஒரு சொல்லைத் தேடக் கண்ட்ரோலும் 'எஃப்'பும். தவறி மூடிய தாவலைத் திரும்பக் கூப்பிட, கண்ட்ரோல், ஷிஃப்ட், 'டி'.

எந்தத் தளத்துக்குப் போனாலும் "உங்களுக்குச் செய்தி அனுப்பட்டுமா?" என்று கேட்கிறதே, அந்தத் தொந்தரவை 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிபிகேஷன்ஸ்' இரண்டையும் திறந்து ஒரே அடியாக நிறுத்திவிடலாம். ஒரே கம்ப்யூட்டரை வீடு முழுவதும் உபயோகித்தால் ஒவ்வொருவருக்கும் தனி 'ப்ரொஃபைல்' வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் புக்மார்க்குகளுக்கு நடுவே பிள்ளையாண்டானின் கிரிக்கெட் வந்து விழாது. ஆனால் அது பூட்டு அல்ல, திரைச்சீலைதான். யார் வேண்டுமானாலும் விலக்கிப் பார்க்கலாம்.

கைப்பேசியில் இத்தனை சுதந்திரம் கிடையாது. ஓர் எழுத்து வித்தையைக் குரோமில் அங்கே வைத்துக்கொள்ள முடியாது. தேடல் இயந்திரத்தை மட்டும் 'செட்டிங்ஸ்' போய் மாற்றலாம். ஒரு கையில் குழந்தையும் மறு கையில் போனுமாக இருப்பவர்களுக்கு ஒரு நல்ல சேதி: ஆண்ட்ராய்டு குரோமில் 2025-லிருந்து முகவரிப் பட்டையைத் திரையின் அடிக்குக் கொண்டுவரலாம். பட்டையை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் கேட்கும், ஐபோனிலும் உண்டு. கட்டை விரல் உச்சிக்கு ஏறி இறங்கும் சிரமம் போயிற்று.

கடைசியாக ஒரு ஜாக்கிரதை. இலவசமாக எதையோ இறக்கியபோது, படிக்காமல் 'சரி, சரி' என்று அமுக்கியதில், முன்பின் தெரியாத ஒரு தேடல் பக்கம் வீட்டுக்குள் வந்து குடியேறிவிடுவதுண்டு. முதலில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற பக்கத்தைப் பார்த்து, நீங்கள் அழைக்காத விருந்தாளிகளை வெளியே அனுப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் 'ரீசெட் செட்டிங்ஸ்' இருக்கிறது. அதைக் கொடுத்தால் புக்மார்க்குகளும் சேமித்த கடவுச்சொற்களும் பத்திரமாக இருக்கும். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்து வைத்த தேடல் இயந்திரம் பழையபடி மாறிவிடும். எதற்கும், எந்த எழுத்துக்கு எந்த முகவரி என்று பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள்.